பைன் பிசினும் என் இரண்டு கண்களும்

பத்து வயதில் என் இரண்டு கண்களும் குருடாகிவிட்டன என்று நான் முழுமனதோடு நம்பினேன். நேற்று பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் டர்பன்டைன் போத்தலைத் திறந்ததும், என் கைகள் தாமாகவே இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டன.

அது மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பைன் காட்டின் வாசனை. பங்குனி வெயிலில் மரங்களில் பிசின் இளகி வடியும். ஈர விறகைப் பற்றவைக்க அதில் ஒரு கட்டி போதும் என்பதால் அக்காவும் நானும் சுரண்டப் போவோம். அன்று நான் அண்ணாந்து சுரண்ட, ஒரு சொட்டு நேராகக் கண்ணில் விழுந்தது. கசக்கினேன், இமை ஒட்டிக்கொண்டது. உலகம் இருண்டது.

"அக்கா, கண்ணு போச்சு!"

"கத்தாதடா, கையப் புடி!"

சருகு வழுக்கும் சரிவில் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். கதிர்காமத்துக்கு நடந்தே வருவதாக முருகனிடம் அழுதேன். குருடன் எப்படி நடப்பது என்று உடனே இன்னொரு பயம் வந்தது. விடியலில் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனபோது நான் போர்வைக்குள் கிடந்தேன். கடைசியாக அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று இன்னும் உரக்கக் கத்தினேன்.

மத்தியானச் சோற்றுக்கு லயத்து வீட்டுக்கு வந்திருந்த அம்மா, இமையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஒட்டுனது இந்தக் கண்ணுதானே? அந்தக் கண்ணுக்கு என்னடா?"

"அதுவும் போச்சும்மா."

"தொறந்து பாரு, எரும!"

திறந்தேன். அம்மா தெரிந்தார்.

பிசின் ஒட்டியது இடது கண்ணில் மட்டும்தான். அதுவும் எண்ணெயில் இளகிச் சற்று நேரத்தில் திறந்தது. வலது கண்ணை வழிநெடுக நானேதான் இறுக மூடிக்கொண்டு வந்திருந்தேன்.