அவள் முடிக்கட்டும்

'தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று இடது கட்டைவிரல் முட்டியால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி முடித்து, "நாசமாப் போ" என்று வாயால் ஒரு வாழ்த்தும் சொல்லி, அதற்கப்புறம்தான் அனுப்புகிறாள் புகார் அக்கா. துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் எழுதுவது அவள் வேலை. இயந்திரம் தண்ணீரைக் கக்குகிறது, சட்டையைத் தின்றுவிட்டது, பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது என்று நாள் முழுக்க ஊர் உலகமே திரையில் வந்து அவளை வைகிறது. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "என்னையும் ஒரு மனுஷின்னு நெனச்சுதானே திட்டுறான்? நல்லா திட்டட்டும்" என்பாள்.

இதை அவள் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் ஒரு சட்டையின் பொத்தான் எல்லாவற்றையும் போட்டுவிடலாம். பிறக்கும்போதே வந்த மூளை முடக்குவாதம். கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும், கை தன் இஷ்டத்துக்குப் போகும், நாக்கு சொன்ன பேச்சைக் கேட்காது. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. கோபத்துக்கு நிச்சயமாக இல்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பாள், வெளியே போனால் சக்கர நாற்காலி. ஒரு தடவை கடை திறக்கட்டும் என்று தெருவோரம் காத்திருந்தவளை, புண்ணியம் தேடிய ஒரு பெரிய மனிதர் கேட்காமல் கொள்ளாமல் தள்ளிக்கொண்டுபோய்ச் சாலையின் அந்தப் பக்கம் விட்டுவிட்டார். இவள் கத்திய கத்தலில் அந்த மனிதர் அவளைத் திரும்பத் தள்ளி வந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. கடைக்குட்டி, அதனால் செல்லப் பெயர் என்பார்கள். என்ன செல்லம்? மற்ற கடைக்குட்டிகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது வேறு. நாற்பதைத் தாண்டி, தலையில் நரை விழுந்து, மாதாமாதம் சம்பாதிக்கிற ஒருத்தியின் தாடையைப் பக்கத்து வீட்டுக்காரி பிடித்து ஆட்டி, "பாப்பா சாப்ட்டுச்சா?" என்று கேட்பது வேறு. அதையும் அவளிடம் கேட்பதில்லை, அவளுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரிடம்தான் கேட்பது. யாருமே நிற்கவில்லை என்றால் கேட்காமலே போய்விடுவது.

சின்ன வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு போன பயிற்சி நிலையத்தில் சுவரெல்லாம் முயல் படம், நாற்காலியெல்லாம் முழங்கால் உயரம். பதினெட்டு முடிந்ததும், "பெரியவங்களுக்கெல்லாம் இங்க கெடையாதும்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. வாதம் என்ன பஸ்ஸில் வந்த ஆளா, வயது வந்ததும் நிறுத்தம் பார்த்து இறங்கிப் போய்விட?

முப்பதுக்கு மேல் கழுத்து வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் கை மரத்தது. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, கூட வந்த அண்ணனைப் பார்த்தார். "இது கொழந்தைங்களுக்கு வர்றதாச்சே. எத்தன வருஷமா இருக்கு?"

"பொறந்ததுலேருந்து டாக்டர்."

"அப்ப பழகியிருக்கும்" என்று சொல்லித் தடவிக்கொள்ளத் தைலம் எழுதிக் கொடுத்தார். பழகியிருக்குமாம்! அந்த ஒரு சொல்லை அவள் இன்னும் பல்லுக்கடியில் வைத்து அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

விடிவு வந்தது டயர் கடையிலிருந்து. நாற்காலிச் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டப் போனவள், ஒட்டியது சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டத் தொடங்கினாள். திட்டு முழுசாக வாயை விட்டு வருவதற்குள் அந்த ஆள் சிரித்துவிட்டார். "உங்கள மாதிரியே ஒருத்தர் வருவாருங்க. அவரும் இப்படித்தான் இழுத்து இழுத்துத் திட்டுவாரு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்தீங்கன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்."

அதுவரை தன்னைப் போலவே வளர்ந்து ஆளான இன்னொருவரை அவள் கண்ணால் கண்டதில்லை. கண்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தாள். சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தது. இத்தனை வருஷமாக இவர்களையெல்லாம் எவன் எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்ற ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த ஒருத்தர் ஓர் அலுவலகத்தில் கணக்கர். அவருக்குத் தெரிந்து ஒரு டீச்சர், நான்கு கால் ஊன்றுசட்டத்தைப் பிடித்து நடப்பவள், அவளுக்கு வாதம் காலில் மட்டும்தான், பேச்சு தங்குதடையில்லாமல் வரும். டீச்சருக்குத் தெரிந்து இன்னும் சிலர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும் அந்த டயர் கடையிலேயே கூடுகிறார்கள். ஊரில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வாசலில் படி வந்து நிற்கும். கார் ஏறுகிற கடையில் ஏது படி? ரப்பர் வாடையில் உட்கார்ந்து, வாய் வலிக்கப் பேசிவிட்டுக் கலைகிறார்கள். பாப்பா என்ற பெயர் கழன்று அவள் புகார் அக்கா ஆனது அங்கேதான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். ஒருத்தர் பேச ஆரம்பித்ததை இன்னொருத்தர் முடித்து வைக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் சரி, என்ன சொல்ல வருகிறார் என்று பச்சையாகத் தெரிந்தாலும் சரி, அவரே முடிக்க வேண்டும். ஆயுசு முழுக்கத் தங்கள் வாயிலிருந்தே பேச்சை மற்றவர்கள் பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் போட்ட சட்டம் அது. அதிலும் ஒரு கூத்து நடந்தது. ஒரு நாள் கணக்கர் முகமெல்லாம் சிவந்து "எ... என்..." என்று தொடங்கினார். அத்தனை பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். டீச்சர் தலையை ஆட்டி ஊக்கம் வேறு கொடுத்தாள். கடைசியில் ஒருவழியாக வாக்கியம் வந்து சேர்ந்தது: "என் கால் மேல உங்க சக்கரம் நிக்குது." நின்றது புகார் அக்காவின் சக்கரம். வலித்தால் கத்தலாம் என்று அன்றைக்கே சட்டத்தைத் திருத்தினார்கள்.

கழுத்து வலியை அவள் சொன்னபோது, பழகியிருக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கணக்கர் காலரை விலக்கிப் பிடரியில் இருந்த தழும்பைக் காட்டினார். "இழுத்து இழுத்து எலும்பு தேஞ்சுடும். கை மரத்தா சும்மா இருக்கவே கூடாது. எனக்குப் பாத்தவர்கிட்ட போவோம்." டீச்சரும் கூடப் போய் அறைக்குள்ளேயே உட்கார்ந்தாள். அந்த டாக்டர் கேள்வியை அக்காவிடம் கேட்டார், பதில் வரும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கழுத்துக்குப் பட்டையும் ஊசியுமாக இப்போது கை மரப்பு குறைந்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் இதைச் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்? கேட்டால் வயிறு எரிகிறது.

வீடு அம்மா அவள் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. காலையில் உதவிக்கு ஒரு பெண் வந்து போகிறாள், மற்ற நேரம் தனிக்காட்டு ராணி. அண்ணன் வீடு அடுத்த தெருவில். அண்ணன் நல்லவன். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம், நல்லவனை என்ன செய்வது? மழைக்காலத்தில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அண்ணன் ஆடிப்போய்விட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊருக்கு வெளியே ஓர் இல்லத்தில் பேசி முடித்துவிட்டு வந்து தலையில் கல்லைப் போட்டான்.

"நல்ல எடம் பாப்பா. தோட்டமெல்லாம் இருக்கு. எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க."

என் வேலை என்ன ஆவது என்று கேட்டாள். "வேல எதுக்கு? ராணி மாதிரி இரு." ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே போக வேண்டுமே என்றாள். "அங்கேயே சினிமா போடுவாங்க பாப்பா." வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டானாம். நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்த வேலையும் வீடும் கூட்டமும் ஒரே வீச்சில் போகப் பார்த்தன. அவள் என்ன கிள்ளுக்கீரையா?

போன ஞாயிற்றுக்கிழமை இல்லத்து மேலாளரம்மா வந்தார். சேருகிறவர் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் எடுப்பது அவர்கள் வழக்கமாம். அண்ணன் எப்போதுமே கதவைத் தட்டுவதில்லை, அன்றும் தன்னிடம் இருந்த சாவியால் திறந்து அந்த அம்மாவை உள்ளே கூட்டி வந்தான். வந்தவன் கூடத்தில் கணக்கரும் டீச்சரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விழித்தான். டயர் கடைக்காரர் தன் வண்டியில் அவர்களைக் காலையிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்.

"இவங்கல்லாம் யாரு பாப்பா?"

"என் ஆளுங்க" என்றாள்.

மேலாளரம்மா குனிந்து, குரலில் சர்க்கரையைக் கொட்டி, "எங்ககூட வந்து இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். "நான்" வந்தது. கழுத்து இழுத்தது, கை பக்கவாட்டில் எகிறியது, அடுத்த சொல் தொண்டையில் நின்றது.

"நான் வர்றேன்னு சொல்றா மேடம்" என்றான் அண்ணன். "அவளுக்கு ரொம்ப சந்தோஷம். சந்தோஷம் வந்தா கை இப்படித்தான் ஆடும்."

கணக்கர் கையை உயர்த்தினார். "அவங்க... இன்னும்..." என்று ஆரம்பித்தார். அண்ணன் அதையும் முடித்து வைக்க வாயெடுத்தான். டீச்சர் ஊன்றுசட்டத்தைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"வாய மூடுங்க சார். அவர் முடிக்கட்டும்."

"...முடிக்கல" என்று கணக்கர் முடித்தார்.

அண்ணன் நெற்றியைத் துடைத்தான். மேலாளரம்மா முதலில் தரையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக இழுத்து வந்து முன்னால் வைத்தாள்.

"நான் எங்கயும் வரல. இது என் வீடு. வழுக்குற எடத்துல கம்பி வைக்கச் சொல்லியாச்சு. என்னக் கேக்காம என்ன வித்துடாதீங்க."

"வித்தேனா?" அண்ணனுக்குக் குரல் உடைந்தது. பயம் நிஜம்தான், அதில் பொய்யில்லை. "யாரும் இல்லாதப்ப நீ விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"போன வருஷம் நீயும்தான் மாடிப்படியில விழுந்த. ஒரு மாசம் கட்டுப் போட்டுக் கெடந்த. உன்ன எவனாவது இல்லத்துல சேத்தானா?"

டீச்சர் சிரித்துவிட்டாள். மேலாளரம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "இவங்கள நாங்க எடுக்க முடியாது சார்" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். பெரியவர்களுக்கு வைக்கிற வணக்கம்.

"அவங்க விழுந்தா கூப்புட நாங்க இருக்கோம், டயர் கடை இருக்கு" என்றாள் டீச்சர். "நீங்களும் வாங்க சார். கதவத் தட்டிட்டு வாங்க."

அண்ணன் கிளம்பத் திரும்பினான். "சாவி" என்றாள் அக்கா. அவன் புரியாதவன் போல் நின்றான். பிறகு வளையத்திலிருந்து அதைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தான். அவள் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"கையில குடு."

வலது கையை நீட்டினாள். அது மேலே போனது, கீழே வந்தது, பக்கத்தில் விலகியது. யாரும் அதைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு அந்தக் கையின் பின்னாலேயே அங்கும் இங்கும் போய், ஒருவழியாக உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். விரல்கள் படக்கென்று மூடிக்கொண்டன. சாவியோடு அவன் விரல் நுனியும் உள்ளே மாட்டிக்கொண்டது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள், ஆற அமர இருந்து, அப்புறம்தான் விட்டாள்.