அவளுக்கு மட்டும் அம்மா

ஆயிஷா தூக்குவாளியைத் திறந்ததும் நோன்புக் கஞ்சியின் பட்டை, புதினா வாசனை எங்கள் வீடெல்லாம் பரவியது. எனக்கு வயிறு எரிந்தது.

பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், எங்கள் குப்பத்துப் பள்ளியில் அம்மாதான் என் வகுப்பு டீச்சர். "இங்க அம்மானு கூப்ட்ட, வெளிய நிக்க வெச்சிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நோன்பு மாதத்துக்கு முன்பு புதிதாகச் சேர்ந்த ஆயிஷாதான் வகுப்பில் ஒரே முஸ்லிம் பெண். சேர்ந்த அன்று மதியம், யாரும் பக்கத்தில் உட்காராததால் முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள். அம்மா அவளைத் தன் நாற்காலியருகே உட்காரவைத்து, எனக்கென்று வறுத்த இறாலை ஊட்டினாள். தேம்பலுக்கு நடுவே ஆயிஷா, "அம்மா" என்றாள். அம்மா அவளை வெளியே அனுப்பப்போகிறாள் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

"இன்னாடா கண்ணு?" என்றாள் என் அம்மா.

இப்போதும், "அம்மா, சூடா குடிங்க" என்று ஆயிஷா கஞ்சியை நீட்ட, அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

நானும் டம்ளரை நீட்டினேன். "எனக்கு இல்லியா, டீச்சர்?"