சுவர் எழுதியவன் பார்த்த வீதி நாடகங்கள்

எழுத்து தெரிந்தவன் ரோட்டுக்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது என்றோ என்னவோ எங்கள் சிலோன் எஸ்டேட் கணக்கப்பிள்ளை சொல்வார், மீதி மறந்துவிட்டது. சுவர் எழுதுகிறவனுக்கு அதுதான் பிழைப்பு. ஊரில் நடப்பதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும்.

இலங்கையில் தமிழும் சிங்களமும் படித்தவன் நான். கப்பலேறி வந்து, குடும்பத்தைக் கொடைக்கானலில் விட்டுவிட்டு, மெட்ராஸில் கட்சிகளுக்குச் சுவர் எழுதினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கொடைக்கானலுக்கே திரும்பினேன்; அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது லாட்ஜ் போர்டுகள் எழுதுகிறேன். இங்கே வீதி நாடகமும் கிடையாது, பார்த்ததைச் சொல்லிச் சிரிக்க ஆளும் கிடையாது. பின்கட்டில் அறை தருகிறேன், நிரந்தரமாக இருக்கிறீர்களா, மெட்ராஸுக்கே போகிறீர்களா என்று லாட்ஜ்கார பாய் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். வேலை நேரத்தில் வேடிக்கை பார்த்து ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

ஏணிமேல்

ஒரு மில் வாசலுக்கு எதிர்ச்சுவரில் மந்திரி ஒருவரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் பறைச் சத்தம். திரும்பினால், நாடகக்காரப் பையன்கள் அதே மந்திரியைப் போட்டுக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். தலையணையைத் தொப்பையாகக் கட்டியிருந்த பையன் அவர் மாதிரியே இருமினான். ஏணியில் உட்கார்ந்து சிரித்ததில் பெயர் பாதியில் நின்றுபோயிற்று. வேலை கொடுத்த காண்டிராக்டர் ஏணியை உலுக்கினார்.

"ஏன்யா, எழுதுறது இவருக்கு, சிரிக்கிறது அவனுங்களுக்கா?"

சுண்ணாம்பு

நெருக்கடி நிலை வந்ததும் எழுதியதையெல்லாம் நானே அழிக்க வேண்டியதாயிற்று. ஓவியக் கல்லூரிப் பையன்கள் ஒரு சுவரில் பூட்டுப் போட்ட அலகோடு காக்கை ஒன்று வரைந்திருந்தார்கள். தினமும் டீ குடித்துக்கொண்டே பார்ப்பேன். போலீஸில் அதையும் அழிக்கச் சொன்னார்கள். மனசு வராமல், சுண்ணாம்பில் தண்ணீரைக் கூட்டி ஒரே பூச்சாகப் பூசினேன். காய்ந்திருக்கும்வரை வெள்ளைச் சுவர். மழையில் நனைந்தால் காக்கை எட்டிப் பார்க்கும். அந்தத் தெருவின் பீட் கான்ஸ்டபிள் இரண்டு மழைக்குப் பிறகு என்னிடம் வந்தார்.

"நனைஞ்சா வருது, காய்ஞ்சா போயிடுது. நான் யார் மேலய்யா கேஸ் எழுதுறது?"

கயிற்றுக் கப்பல்

பிறகு அதே நாடகக்காரர்கள், சிலோனிலிருந்து கப்பலில் வந்த எங்கள் கதையையே எடுத்தார்கள். நாலு பேர் கயிற்றைச் சுற்றிப் பிடித்தால் அது கப்பல். உள்ளே நிற்பவர்கள் ஊரை நினைத்து அழ வேண்டும். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என்னை ஒரு பையன் உள்ளே இழுத்து, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டான். தலைமன்னாரிலிருந்து என்றேன். அப்பாவின் தகரப்பெட்டியை அதிகாரி கொட்டிப் பார்த்ததையும் சொன்னேன். குரல் உடைந்தது. கூட்டம் கைதட்டியது. கயிற்றைச் சுருட்டும்போது அந்தப் பையன் தோளைத் தட்டினான்.

"சூப்பரா நடிச்சீங்கண்ணே."

அன்று ரூமுக்கு நடந்தே போனேன்.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்

போன வாரம் இங்கே, மெட்ராஸ் பழக்கத்தில், ஈரம் பட்டால் கரைந்துவிடும் வஜ்ஜிரப் பசையில் நீலப்பொடியைக் குழைத்து பாயின் லாட்ஜ் விளம்பரத்தை எழுதிவிட்டேன். அங்கே அரை மணியில் காய்ந்துவிடும். இங்கே பனிமூட்டம் இறங்கி, காலையில் எழுத்தெல்லாம் தரையில் ஓடிக் கிடந்தது. வாயில் சிங்களத்தில் ஒரு வசவு வந்துவிட்டது.

வில்பட்டி பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிலோனிலிருந்து வந்தவள், தோட்டத்தில் காரட் பிடுங்குகிறாள்.

"நீங்களும் அங்கிட்டிருந்தா அண்ணே? அந்தப் பேச்சுக் கேட்டு எத்தன வருசமாச்சி."

பஸ் வரும்வரை கயிற்றுக் கப்பலைப் பற்றிச் சொன்னேன். நாடகக் கப்பலில் எல்லாரும் அழுதார்கள் என்றதும் கையை ஆட்டி மறுத்தாள். பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்:

"கப்பல்ல யாரண்ணே அழுதா? வாந்தி எடுக்கவே நேரம் சரியா இருந்திச்சி தானே."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே போய் பாயிடம் பின்கட்டு அறைச் சாவியை வாங்கிக்கொண்டேன்.