சேற்றுக் காலோடு வந்தவர்கள்

தார் ரோடு முடிகிற முக்கில் டயர் கடை. அதற்கு அப்பால் ரோடு கிடையாது, இறக்கம்தான். மேட்டில் இருக்கிறவர்கள் கொட்டுகிற தண்ணீர், விடுகிற சாக்கடை, வேண்டாம் என்று எறிகிற குப்பை எல்லாம் உருண்டு வந்து சேருகிற இடம். அங்கேயும் மனிதர்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். மேட்டில் இடம் வாங்க வக்கு இருந்தால் எவன் சாக்கடைக்குப் பக்கத்தில் போய்ப் படுப்பான்?

டயர் கடை ஓரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி வைத்தவளுக்கு டிரம்மக்கா என்று பெயர் வந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர், மூட்டை தூக்கப் போகிற அவள் புருஷனுக்கே மறந்துபோனது. இறக்கத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் அந்த டிரம்மிடம் நின்று காலைக் கழுவுவார்கள். சேற்றுச் செருப்பைச் சுவரோரம் கழற்றிப் போட்டு, பையிலிருந்து நல்ல செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போவார்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி. சாயங்காலம் திரும்பவும் மாற்றல். சில்லறை கொடுக்கிறவர் கொடுப்பார். கொடுக்காதவருக்கு வசவு கிடைக்கும், தண்ணீரும் கிடைக்கும்.

செருப்பை மட்டுமா மாற்றினார்கள், விலாசத்தையும் அங்கேதான் மாற்றினார்கள். எங்கே குடியிருக்கிறாய் என்று யார் கேட்டாலும், "டயர் கடைப் பக்கம், மெயின் ரோடு." இறக்கம் என்று வாயைத் திறந்தால் வீட்டு வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். கடையில் கல்லாப் பக்கம் அண்ட விடமாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்ததும் அதே விலாசம்தான். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. இறக்கத்துப் பிள்ளைக்குப் பல் முளைக்கும்போதே இந்தப் பொய்யும் முளைத்துவிடும்.

டிரம்மக்காவின் மகள் பத்தாவது படித்தாள். இறக்கத்தில் வேறெந்தப் பெண்ணும் பத்தாவது வரை போனதில்லை. மழை பிடித்தால் ஓடை பொங்கி வழியை விழுங்கிவிடும், வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். வருஷா வருஷம் பாடம் விட்டுப்போகும், படித்ததும் மறந்துபோகும், கடைசியில் பெற்றவர்களே, "போதும், உட்காரு" என்று சொல்லிவிடுவார்கள். டிரம்மக்காவும் அப்படி உட்காரவைக்கப்பட்டவள்தான். தன் மகளை எவன் சொன்னாலும் உட்காரவைப்பதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவள் முடிவு கட்டினால் கட்டினதுதான். புருஷன் பலமுறை தலையால் முட்டிப் பார்த்து வீங்கினதுதான் மிச்சம்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. ஒருவழியாகத் தண்ணீர் வடிந்து பள்ளிக்கூடம் போன மகள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"பரிட்சைக்கு என் பேர அனுப்ப மாட்டாங்களாம்மா. வந்த நாள் பத்தலையாம். உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

தலைமை டீச்சர் கெட்ட மனுஷி இல்லை. ஆனால் அன்றைக்குக் கோபமாக இருந்தாள்.

"ஏம்மா, டயர் கடை என்ன தேசம் விட்டு தேசமா? கூப்பிட்டா கேக்குற தூரம். மழைய சாக்கு வச்சு இத்தனை நாளா புள்ளய வீட்ல படுக்கப் போட்டிருக்கீங்களே?"

"படுக்கப் போடல டீச்சர். வழியில இடுப்பளவு தண்ணி."

"மெயின் ரோட்டுலயா? நானும் அதே ரோட்டுலதான் வர்றேன். என் சேலை ஓரம்கூட நனையல."

மகள் அம்மாவின் காலை அழுத்தி மிதித்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

"வெள்ளத்துல மாட்டுன புள்ளைங்களுக்கு நாளக் கழிச்சுவிட வழி இருக்கும்மா. ஆனா அந்த மாதிரி எடத்துலேர்ந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புள்ளகூட வரலையே."

டிரம்மக்கா மிதிபட்ட காலை இழுத்துக்கொண்டாள். பிறகு பட்டென்று போட்டு உடைத்தாள். "நாங்க இறக்கத்து ஆளுங்க டீச்சர். டயர் கடைல எங்களுக்கு இருக்கிறது ஒரு டிரம்மு மட்டுந்தான்."

டீச்சர் அவள் முகத்தையே பார்த்தாள். "இத இப்ப சொன்னா யாரு நம்புவா? பரிட்சைக்காகக் கதை கட்டுறீங்கன்னுதான் நெனப்பாங்க. வார்டு ஆபீசுக்குப் போங்க. அங்க வீடு இருக்கு, வெள்ளம் வந்துச்சுன்னு அதிகாரி சொல்லட்டும், நான் அனுப்புறேன். வெள்ளிக்கிழமை தாண்டிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வார்டு ஆபீசில் அதிகாரி சிரித்தார்.

"இறக்கத்துல ஆளா? அங்க ஓடையும் பன்னியும்தான் இருக்கு. நீங்க எல்லாருமே டயர் கடைப் பக்கம்னுதானே சொல்லியிருக்கீங்க? ராத்திரி டயருக்குள்ள சுருண்டு படுத்துப்பீங்களா?"

"பொழப்புக்காக சொன்னது சார்."

"ஆளே இல்லாத எடத்துக்கு ரோடு வருமா, லைட்டு வருமா? நீ ஒருத்தி வந்து சொன்னா நான் எப்படி எடுத்துக்கறது? இருக்கிற சனம் வந்து சொல்லட்டும்."

வெளியே வந்தவளுக்குச் சுரீர் என்றது. இத்தனை வருஷமாக, நம்மை எவனும் கண்டுகொள்வதில்லை என்று மேட்டைப் பார்த்துத் திட்டித் தீர்த்தது அவள்தான். ஒளிந்துகொண்டதும் இறக்கத்துக்காரர்கள்தானே. அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

அன்று சாயங்காலம் செருப்பு மாற்ற வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். துணிக்கடையில் தைக்கிற தையல்காரி எரிந்து விழுந்தாள்.

"உன் மக ஒரு பரிட்சை எழுத எங்க எல்லார் பொழப்புலயும் மண்ண அள்ளிப் போடணுமா? எங்க முதலாளியம்மாவுக்கு நான் மெயின் ரோட்டுக்காரி. தெரிஞ்சா துணியத் தொட விடுவாளா?"

"உன் ரெண்டு பொண்ணும் எட்டாவதோட நின்னாளுங்களே, மெயின் ரோட்டுல தண்ணி வந்தா நின்னாளுங்க?"

தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். வீட்டில் மகளே அழுதாள்.

"வேணாம்மா. இறக்கத்துக்காரின்னு தெரிஞ்சா எவளும் என் பக்கத்துல உக்கார மாட்டா."

"உக்காராட்டி போறா. பெஞ்சு அகலமா கெடைக்கும், காலை நீட்டிக்கிட்டு எழுது."

மறுநாள் விடிந்ததுமே தூறல். சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. மேலே வந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரம் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் டிரம்மக்கா, ராணி மாதிரி.

"என்னக்கா, தண்ணி எங்க?"

"இல்ல. இன்னைக்கு எவரும் கழுவக் கூடாது. நேரா ஆபீசுக்கு நடங்க."

"கடைக் குழாய்ல பிடிச்சுக்கறோம்."

டயர் கடைக்காரர் குழாயின் திருகைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஞ்சர் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தார். "கொழா கெட்டுப்போச்சுப்பா" என்றார், தலையைத் தூக்காமலே.

வசவு என்றால் அப்படி ஒரு வசவு. "உன் திமிருக்கு நாங்களா கெடச்சோம்?" என்றாள் ஒருத்தி. "நாசமாப் போக" என்றார் ஒரு பெரியவர். அவள் அசையவில்லை. அவள் புருஷன்தான் முதலில் நல்ல செருப்பைப் பைக்குள் திரும்பப் போட்டான். "இவகூட இத்தனை வருஷம் குப்பை கொட்டிட்டேன், இந்தச் சேறு என்ன பண்ணிடும்?" என்று நடக்கத் தொடங்கினான். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர்கள் பின்னாலேயே போனார்கள். தையல்காரி மட்டும் பழைய துணியால் காலைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆபீஸ் தரை வெள்ளை டைல்ஸ். கூட்டம் உள்ளே நுழைந்ததும் கறுப்புத் தடம் வாசலிலிருந்து அதிகாரி மேஜை வரைக்கும் விழுந்தது.

"ஏய்! ஏய்! காலைக் கழுவிட்டு வாங்க!"

"கழுவிக் கழுவித்தான் சார் நாங்க இல்லாமப் போயிட்டோம்" என்றாள் டிரம்மக்கா. "இன்னைக்கு நல்லா பாத்துக்குங்க. இந்தச் சேறு மெயின் ரோட்டுல எந்தக் கடைல விக்கிது?"

அதிகாரி தரை துடைக்கிற அம்மாளைக் கூப்பிட்டார். "மொதல்ல இதத் தொடைம்மா."

விடியுமுன்னே வேலைக்கு வந்துவிடுகிற அவள் துடைப்பானோடு வந்தாள். தடத்தைப் பார்த்தாள். துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேற்றுக் கூட்டத்தின் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"நானும் அங்கதான் சார்."

"நீயா? வருஷக்கணக்கா இங்க வேலை பாக்குறே, ஒரு நாளும் சொல்லலையே?"

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா சார்?"

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். குடையை எடுத்தார். இறக்கத்தில் பாதி தூரம் வரைக்கும் மரியாதையாகத்தான் வந்தார். அப்புறம் ஒரு பூட்ஸ் சேற்றுக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்தார். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஓடைக் கரையில் வரிசையாக நின்ற வீடுகளையும், சுவரில் வெள்ளம் போட்டுவிட்டுப் போன கறையையும் ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். டீச்சருக்குப் போன் போட்டார். "ஆமா டீச்சர், ஆளுங்க இருக்காங்க. வெள்ளமும் வந்திருக்கு. அனுப்பிவிடுங்க."

மேலே ஏறி வந்ததும் காலைக் காட்டினார். "கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா."

"கொழா கெட்டுப்போச்சு சார்" என்றாள் டிரம்மக்கா. பிறகு அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. டயர் கடைக்காரரின் பையிலிருந்து திருகை வாங்கி அவளே குழாயைத் திறந்துவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று பேருக்கு வீட்டு வேலை போனது. அவர்கள் டிரம்மக்காவைக் கண்டால் காறித் துப்பினார்கள். மகளின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து போனாள், ஒருத்தி போகவில்லை. வார்டு ஆபீஸ்காரர்கள் ஜல்லி கொட்டி வழியைப் பாதி வரை உயர்த்தினார்கள், மீதிக்கு இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். டிரம்மக்காவோடு பேச்சை நிறுத்திய தையல்காரிதான் அந்த ஜல்லியில் முதல் ஆளாக நடந்து போனாள்.

பரிட்சை அன்று மகளோடு டிரம்மக்காவும் போனாள். வாசலில் காவலாளி ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திக் கேட்டான்.

"எங்கேர்ந்து வர்றே?"

"மெயின் ரோடு, டயர் கடைப் பக்..."

முதுகில் சுளீரென்று ஒன்று விழுந்தது.

"எங்கடி?"

மகள் முதுகைத் தடவிக்கொண்டாள். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இறக்கம்" என்றாள்.

"சத்தமா சொல்லு, அவருக்குக் காது கேக்கல."

"இறக்கம்!" என்று கத்திவிட்டு, அம்மா இன்னொன்று வைப்பதற்குள் உள்ளே ஓடினாள்.