முதல் ரிங்கிலேயே எடுக்கும் மெஷின்

எங்கள் முதலாளி சிங்கப்பூருக்குப் பத்து நாள் போய்விட்டு வந்தார். திருவாரூரில் பம்ப்செட் கடை வைத்திருந்த மனுஷன், திரும்பி வந்ததும் இனிமேல் யாரும் கடை என்று சொல்லக்கூடாது, கம்பெனி என்றுதான் சொல்லணும் என்றார். கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். அவர், பில்லும் போனும் பார்க்கிற நான், பின்னால் குடோனில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுகிற மெக்கானிக்.

அடுத்த வாரமே சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. யார் போன் பண்ணினாலும் அந்த மெஷினே எடுக்கும். வணக்கம் சொல்லும். விற்பனைக்கு ஒன்று, சர்வீஸுக்கு இரண்டு, நிர்வாக இயக்குநருக்கு மூன்று என்று பிரித்து அனுப்பும். ஒன்றை அழுத்தினால் என் மேசையில் அடிக்கும். மூன்றை அழுத்தினால் எனக்கு மூன்றடி தள்ளி அவர் மேசையில் அடிக்கும். இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்! குரலும் என்னுடையதுதான். 'தாங்கள் அழைத்தமைக்கு நன்றி' என்று எழுதிக்கொடுத்து, ஒரு நாள் முழுக்க என்னைப் படிக்கவிட்டுப் பதிவு பண்ணினார்.

நம்ம ஊர் ஆட்கள் மெஷினோடு பேசினார்கள். பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர், நாற்றங்கால் காய்கிற அவசரத்தில் போன் பண்ணியிருக்கிறார். அவர் வீட்டில் இருந்தது விரல் விட்டுச் சுழற்றுகிற போன். அழுத்துவதற்கு அதில் என்ன இருக்கிறது? பஸ் ஏறி நேரே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, மோட்டார் புகைஞ்சு போச்சுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீ பாட்டுக்கு ஒப்பிச்சுக்கிட்டே போறியே, காது கேக்காதா?"

முதலாளி எட்டிப் பார்த்து, "சிஸ்டம் அப்படித்தாங்க" என்றார்.

"அந்த சிஸ்டத்தை வயல்ல கொண்டாந்து பாய்ச்சுங்க, பாப்போம்!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பெல்லாம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

என் வீட்டுக்காரர், நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அப்போது துபாயில் கட்டட வேலையில் இருந்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. சரியாகப் பதினொரு மணிக்குக் கடைக்கு அடிப்பார். ஒரு ரிங் விட்டு கட் பண்ணினால் நல்லா இருக்கிறார். மூன்று ரிங் விட்டால் நான் எதிரே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடணும், அங்கே கூப்பிடுவார். எடுக்காத போனுக்குக் காசில்லையே! சபர் என்று வெளிநாடு போனவர்கள் வீடுகளில் பாதியில் இப்படித்தான் குடித்தனம் நடந்தது.

அந்த வாரம் வந்த கடுதாசியில், நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமை ரிங் விடுகிறேன் என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை பதினொன்று ஆயிற்று, பதினொன்றரையும் ஆயிற்று. என் போன் வாயே திறக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பாழாய்ப்போன மெஷின் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறது. எண்ணை அழுத்தினால்தான் என் மேசைக்கு வரும். அவர் அடித்தாரா, அடிக்கிற நிலைமையில் இருக்கிறாரா, எனக்கு எப்படித் தெரியும்?

"வெள்ளிக்கிழமை பத்தே நிமிஷம் நிறுத்தி வையுங்க முதலாளி" என்று கெஞ்சினேன். "கம்பெனிக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா" என்றார். அவர் மரியாதையில் மண்ணு விழ! அடுத்த வெள்ளியும் அப்படியே போயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வெள்ளி முதலாளி பேங்குக்குக் கிளம்பியதும் மெஷினிலிருந்து ஒயரைப் பிடுங்கி நேரே என் போனில் சொருகினேன். பதினொன்றுக்கு அடித்தது. ஒரு ரிங். கட்டாகவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. யா அல்லா, வேறு யாரோ சேதி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாருங்க, பேசுங்களேன்!"

"புள்ள, நீயேவா? மெஷின் எங்க?"

மச்சான்தான். நெஞ்சுவலி வெறும் வாயுவாம். அன்றைக்கே சரியாகிவிட்டதாம். இரண்டு வாரமும் அடித்தாராம். என் குரல் வந்ததும் வைக்க மனசில்லாமல் கடைசி வரை கேட்டாராம்.

"ஒண்ணை அழுத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா மச்சான்? நான் இங்க செத்துச் செத்துப் பொழைக்கிறேன்!" என்று ஆரம்பித்து வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அழுத்துனா நீ இப்படித்தான் கத்துவேன்னு தெரியும்ல. அது எவ்வளவு பதவிசாப் பேசுது! அதையே போட்டு விடேன் புள்ள."

போனை வைத்தேன். ஒயரைத் திரும்ப மெஷினில் சொருகினேன். அங்கேயே மேசைக்கடியில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிறாரே என்று அழுதேன். அழுது முடிகிற வரைக்கும் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.