முன்வரிசை கேட்டவர்கள்

உனைசி விசையை அழுத்திவிட்டுப் பாடுவாள். சத்தமாக இல்லை. உதட்டை மூடிக்கொண்டு, மூக்குக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் சபையின் பாடகர் குழுவில் தாழ்குரல் வரிசையில் நிற்பவள் அவள். அங்கே பாடுகிற ஒரு பாட்டின் முதல் அடியை எடுப்பாள். சுண்டுவிரல் விசையிலிருந்து எழும்போது தொடங்குவாள். திரையில் பச்சை எழுத்துகள் வந்து விழும்போது நிறுத்துவாள். நல்ல நாளில் கணினி அவளை முதல் சொல்லைத் தாண்ட விடாது. அந்த ஆண்டு மழை ஓய்ந்த சமயத்தில் அவள் சரணம் முழுவதையும் பாடி முடித்துவிட்டு, மறுபடி முதல் அடிக்கு வந்துகொண்டிருந்தாள்.

சுவாவில் துறைமுகத்தை ஒட்டிய சாலையில், ஆணி முதல் தண்ணீர்ப் பம்பு வரை விற்கிற மொத்த வியாபாரக் கம்பெனி அது. கவுண்டர், கிடங்கு, கணக்குப் பிரிவு, லவுட்டோகா கிளை எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய கணினி. அது இருக்கும் குளிரூட்டிய அறைக்கு உனைசிதான் பொறுப்பு. வெளியே சட்டை முதுகில் ஒட்டுகிற வெயிலில் அவள் மட்டும் கம்பளிச் சட்டையோடு சாப்பிட வருவாள்.

ஆக்லாந்திலிருந்த தலைமை அலுவலகம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டது. கணினியின் பழைய வேகம் திரும்பாவிட்டால் அந்த வேலை மொத்தமும் அங்கே போய்விடும்; உனைசியின் அறையை மூடிவிடலாம். "உன்னை டெலிபோன் மேஜையில உக்கார வைக்கிறேன், கவலப்படாதே" என்றார் மேனேஜர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. உனைசிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் அந்த அறையின் இரைச்சலை வைத்தே எந்தப் பிரிவு வேலை செய்கிறது என்று சொல்லக்கூடியவள்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரச்சொல்லி ஆக்லாந்து ரசலை அனுப்பியது. நெட்டையான, மூக்குத் தோல் உரிந்த மனிதர். ஒழுங்காக வேலை தெரிந்தவர். சேமிப்பு வட்டில் இடம் இருக்கிறதா பார்த்தார், இருந்தது. லவுட்டோகாவுக்குப் போகும் இணைப்பைச் சோதித்தார், பழுதில்லை. நினைவகம் போதுமானதாகவே இருந்தது. பிறகு இருவரும் திரைமுன் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. எண் சிறியதாக இருந்தால் அந்த வேலை முன்வரிசையில் நிற்கும். கவுண்டரில் ஒரு பில் போடுவது கணினிக்குக் கண் இமைக்கிற வேலை. அது முன்னால் நிற்கலாம். ஒரு மாதக் கணக்கைப் புரட்டுகிற பெரிய ரிப்போர்ட் பின்னால்தான் நிற்கவேண்டும்.

ரசல் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? இந்தப் பக்கம் பூரா முன்வரிசையா இருக்கு. ரிப்போர்ட், ஸ்டாக் கணக்கு, லேபிள் அடிக்கிறது... எல்லாமே முன்னாடி நிக்குதே. யார் மாத்தினது?"

உனைசி கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"கேட்டாங்க."

அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? முதலில் கணக்குப் பிரிவின் ஷியூ நாராயண் வந்தார். அடுத்து கிடங்கிலிருந்து கெலெபி மாமா, அவள் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. பிறகு லேபிள் அடிக்கிற பெண்கள். ஒவ்வொருவரும் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "கெரெகெரே" என்றார்கள். அப்படி ஒருவர் வாய்விட்டுக் கேட்டபிறகு, இருப்பதை இல்லை என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கு நாக்கு எழும்? பக்கத்து வீட்டுக்காரர் கெரெகெரே என்று கேட்டால் கோடாலியைக் கொடுக்கிறோம், பாயைக் கொடுக்கிறோம். ஓர் எண்ணைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கொடுத்துவந்தாள். கடாவு தீவுக்குப் போகிற கப்பலில் எல்லோரையும் மூட்டை முடிச்சோடு முதலில் ஏறச்சொன்ன கதையாகிவிட்டது. குடையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றவனால் ஏற முடியவில்லை.

"ஒரே கட்டளையில பழையபடி ஆக்கிடலாம்" என்றார் ரசல். விரல் விசைமேல் போய்விட்டது.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"நீங்க ஏறின விமானம் கண்ணுக்கு மறையறதுக்குள்ள திரும்ப வந்து கேப்பாங்க. நானும் குடுத்துடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? டீ நேரம் வரைக்கும் பொறுங்க."

காலை டீக்குக் கம்பெனி முழுவதும் பின்கட்டில் கூடும். எலுமிச்சைப் புல் கொதிக்கும். தகர டப்பாவில் கெட்டி பிஸ்கட். ஆளாளுக்கு அதில் ஓர் அங்குலத்துக்கு வெண்ணெய் பூசுவார்கள். உனைசி அன்று டம்ளரை எடுக்கவில்லை. பெஞ்சில் உட்காராமல், எல்லோருக்கும் தாழ்வாகத் தரையில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தாள். பேச்சு தானாக அடங்கியது. பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கும் ஊர் வழக்கப்படி மூன்று முறை மெதுவாகக் கைதட்டினாள்.

"நீங்க எல்லாரும் எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. நான் குடுத்தேன். இப்ப நான் கேக்குறேன். கெரெகெரே. முன்வரிசைய எனக்குத் திருப்பிக் குடுங்க. இல்லேன்னா என் ரூமு ஆக்லாந்துக்குப் போயிடும்."

கெலெபி மாமா பிஸ்கட்டை டீயில் முக்கியபடியே கேட்டார். "அப்போ எங்கிட்ட மட்டும் இல்லியா அது? இந்த ஷியூகிட்டயும் இருந்துச்சா?"

"எல்லாருகிட்டயும் இருந்துச்சு மாமா."

"அட சோபோ! நான் இத்தன நாளா ரகசியமா வெச்சிருந்தேனே!"

பின்கட்டு சிரிப்பில் குலுங்கியது. ஷியூ நாராயண் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், என் ரிப்போர்ட் என்ன ஆகும்? மாசக் கடைசியில என் தலைய யாரு காப்பாத்துறது?"

"நீங்க சாப்பிடப் போறப்ப ஓட்டிட்டுப் போங்க அண்ணே. உங்க வீட்டம்மா கட்டிக் குடுத்த ரொட்டியத் தின்னு முடிச்சுட்டு வாங்க, மேஜையில இருக்கும்."

"கத்தரிக்கா குழம்பா இருந்தா சீக்கிரம் முடிஞ்சுடும்" என்று யாரோ சொல்ல, இப்போது அவரும் சிரித்தார். "சரி, எடுத்துக்குங்க."

கடைசியில் மிஞ்சியது இலைசா. உதிரிப் பாகக் கவுண்டர்க்காரன். அங்கே பில் போடுவதில்லை; பின்வரிசையில் நிற்கவேண்டிய பாகப் பட்டியல் தேடல் மட்டும்தான். அவன் ஊருக்கும் உனைசியின் ஊருக்கும் முன்னோர் காலத்திலிருந்து கேலி உறவு. எதை எடுத்தாலும் கோபப்படக்கூடாது, எப்படித் திட்டினாலும் சிரிக்கவேண்டும். அவன் கவுண்டரில்தான் எப்போதும் கூட்டம் நிற்கும். வந்தவர்களைக் கதை சொல்லியே நிறுத்திவைப்பான். முன்வரிசை கிடைத்த நாளிலிருந்து வெள்ளிதோறும் உனைசிக்கு ஓர் அன்னாசிப் பழம் கொண்டுவந்து வைப்பவன்.

"குடுத்தத திருப்பிக் கேக்குற மீன்தின்னிங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்றான் இலைசா.

"தின்ன மீனு முள்ளு உன் தொண்டையிலதான் இருக்கு. குடுப்பியா மாட்டியா?"

"உனைசி, அது வந்ததுலேந்து என் கவுண்டர் பறக்குது! ஃபேன்பெல்ட்டுன்னு அடிச்சா கை எடுக்கிறதுக்குள்ள வந்து நிக்குது. என்னை நடக்கவெச்சுப் பாக்கணுமா?"

"கெரெகெரே, இலைசா."

அவன் கூரையைப் பார்த்தான். பிஸ்கட்டைப் பார்த்தான். பிள்ளையைத் தத்துக்கொடுப்பவன்போல இரண்டு கைகளையும் நீட்டி, "எடுத்துட்டுப் போ, என் வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாது" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். வாசல்படியில் நின்றிருந்த ரசலும், எதற்கென்று முழுதாகப் புரியாமலே, தட்டினார்.

அறைக்குத் திரும்பி உனைசி அந்த ஒரே கட்டளையைத் தானே அடித்தாள். மாற்றியிருந்த எண்கள் எல்லாம் தத்தம் பழைய இடத்துக்குப் போயின. பிறகு ஒரு பில்லைக் கூப்பிட்டு, விசையை அழுத்தி, பாட வாயெடுத்தாள். முதல் சொல்லின் பாதியில் திரை நிறைந்துவிட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் பாதிதான்.

"என்ன முணுமுணுக்கிறே?" என்றார் ரசல்.

"ஒண்ணுமில்ல சார்."

அவர் அங்கேயே உட்கார்ந்து ஆக்லாந்துக்கு எழுதினார்: கணினியில் குறையில்லை, இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பிற்பகலில் உனைசி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அடுத்த வாரம் லேபிள் பெண் ஒருத்தி வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது, "எல்லாரும் பாக்க எங்கிட்ட குடுத்தாச்சேடி, இப்ப அது ஊர்ச்சொத்து" என்றாள் உனைசி. வந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

சில மாதங்கள் கழித்து உதிரிப் பாகக் கவுண்டருக்குப் புதுப் பிரிண்டர் வந்தது. அதை இணைப்பதற்காகக் கணினியில் இலைசாவின் கணக்கைத் திறந்த உனைசி, அவனுடைய வரிசை எண்ணைக் கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்தாள். அது கணினி வாங்கிய ஆண்டின் தேதியாகவே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: அவன் கேட்ட அன்று எண்ணை அடித்துக்கொண்டிருந்தபோது லவுட்டோகாவிலிருந்து போன் வந்தது, எடுக்க எழுந்து போனவள் திரும்பி வந்து முடிக்கவேயில்லை. இலைசா ஒருநாள்கூட முன்வரிசையில் நின்றதில்லை.