பத்து நிமிடம் தாங்கும் பெட்டி

இது கட்டிவிட்ட கதை இல்லை. செசிலியா டீச்சர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். யாராவது பேய்ப் பேச்சு எடுத்தால், "வேற வேல இல்லையா உங்களுக்கு?" என்று எழும்பிப் போகிறவர். அவருக்குத்தான் நடந்தது. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், 1996இல். மழை பொய்த்து, அணைகள் வற்றி, நாடு முழுக்க மின்வெட்டு இருந்த வருடம்.

ஜூன் மாதம் அவருடைய தம்பி லோரன்ஸ், கொழும்பில் இன்டர்வியூ என்று சொல்லிவிட்டு ஒரு பையோடு போனான். இருபத்துநான்கு வயது. கண்டியில் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. கொழும்பில் இறங்கியதைப் பார்த்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் தமிழ்ப் பிள்ளைகள் அப்படித்தான் காணாமற் போனார்கள். டீச்சர் ஏறாத படியில்லை, விழாத காலில்லை.

வீட்டில் மிஞ்சியது அவனுடைய கம்பியூட்டர். அதற்குள் அவனுடைய குரல், நாற்பது செக்கன். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பது அக்காவுக்கு மறந்துபோகும் என்று, அவனே மைக்கில் பேசிப் பதிந்து வைத்திருந்தான்.

"அக்கா, கரண்ட் போனா பதறாதீங்க. மேசைக்குக் கீழ இருக்கிற யூ.பி.எஸ். பெட்டி பத்து நிமிசம் தாங்கும். கீக் கீக்னு கத்தும். அதுக்குள்ள ஒழுங்கா நிப்பாட்டிடுங்க. பட்டுனு நின்னா ஹார்ட் டிஸ்க் போயிரும். உள்ள இருக்கிற எல்லாம் போயிரும். வெளங்கிச்சா?"

"கரண்ட் போனா இத எப்படிடா கேக்கிறது, மடையா?" என்று டீச்சர் திட்டியதும், அவன் சிரித்ததும் கடைசியில் பதிந்திருந்தது.

அது ஒரு பிளாப்பியில் கொள்ளவில்லை. உலகத்திலேயே அந்தக் குரல் இருந்தது அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில்தான். அதுவும் போனால் தம்பி முழுக்கவே போய்விடுவான் என்று டீச்சர் பயந்தார்.

தினமும் ஆறு மணிக்குச் செபம் சொல்லிவிட்டு ஒரு தடவை கேட்பார். ஒரே தடவை. பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு மின்வெட்டு என்றைக்கு வந்தது? நினைத்த நேரத்தில் மின்சாரம் போகும். ஆனாலும் பெட்டி ஒவ்வொரு நாளும் காப்பாற்றியது.

செப்டெம்பர் 3. மாலை 6.11. கீக்... கீக்... பெட்டி கத்தியது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது.

மின்சாரம் 6.12க்குத்தான் போனது.

செப்டெம்பர் 9. மின்சாரம் போய்ப் பத்து நிமிடம் கடந்தது. பதினைந்து. இருபத்திரண்டு நிமிடம் திரை எரிந்தது. பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி மெழுகுதிரியோடு எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ஊரே இருட்டு. உங்களுக்கு மட்டும் எப்படி?"

"லோரன்ஸ் வாங்கின பெட்டி. நல்ல பெட்டி."



செப்டெம்பர் 16. அன்று பகல் கொழும்பிலிருந்து ஓர் அரசாங்கக் கடிதம் வந்திருந்தது. அப்படி ஒருவரைப் பற்றித் தங்களிடம் பதிவு எதுவும் இல்லை என்று இரண்டே வரி. மாலை 6.20க்கு மின்சாரம் போனது. பெட்டி கத்தியது. டீச்சர் நிப்பாட்டவில்லை. போனால் போகட்டும் என்ற வெறி. திரும்பத் திரும்ப அவன் குரலையே கேட்டார்.

6.45. பெட்டி கத்திக்கொண்டே இருந்தது.

7.10. கத்தல் மெலிந்தது. கீ...க். நெடுநேரம் கழித்து இன்னொன்று. கீ...க்.

7.30. திரை மங்கியது. குனிந்து பெட்டியைத் தொட்டார். ஐஸாகக் குளிர்ந்தது. உள்ளே ஏதோ நடுங்கியது...

7.41. மறுபடி அழுத்தினார்.

அவன் சிரித்தான். நாற்பது செக்கன் முடிந்தது.

குரல் முடியவில்லை.

"அக்கா..."

மூச்சு வாங்கியது.

"நிப்பாட்டுங்கக்கா... இனி தாங்க ஏலாது..."

அவன் சொல்லித் தந்த ஒழுங்கிலேயே நிப்பாட்டினார். திரை அணைந்த நொடியே பெட்டி அடங்கியது. இருட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் பெட்டியைத் தூக்கினார். ஒரு கையில் வந்தது. இதையா அவன் வாங்கிய அன்றைக்கு மூச்சிரைக்க மேட்டில் சுமந்து வந்தான்? பஸ் ஏறி, கண்டியில் அவனுடைய சிநேகிதன் இராமகிருஷ்ணனின் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார்.

இராமகிருஷ்ணன் திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே தூசி. இரண்டு பல்லி முட்டைக் கோது. வேறொன்றும் இல்லை.

"டீச்சர், இதுல பெட்டரியே இல்லையே."

"நேத்து ஒன்னேகால் மணித்தியாலத்துக்கு மேல தாங்கிச்சு."

"தாங்க வழியே இல்ல, டீச்சர்." அவன் தயங்கினான். "பெட்டரி செத்துப்போச்சின்னு ஜூன் மாசம் நான்தான் கழட்டிக் குடுத்தேன். கொழும்புல அதே மாதிரி ஒன்னு வாங்கணும்னு, வயரோட பையில போட்டுக்கிட்டுப் போனான். இன்டர்வியூன்னு சொன்னாத்தான் அக்கா விடுவாங்கன்னான். பயத்துல நான் இத யார்கிட்டயும் சொல்லல."

வயரோடு ஒரு பெட்டரி. தமிழ்ப் பிள்ளையின் பையில். குண்டு வெடித்துக் கொழும்பே மிரண்டு போயிருந்த அந்த வருடத்தில். சோதனையில் அந்தப் பையைத் திறந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை டீச்சருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குரல் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. டீச்சர் அந்தக் கம்பியூட்டரைப் பிறகு போடவே இல்லை. போட்டால், மின்சாரம் போகிற நேரத்தில் அவன் மறுபடி தாங்க வேண்டியிருக்கும்.